நின்றால் நிற்கும் குத்து

முதலாம் தவணை என்றால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். வெயில் ஏறுமுன் மரதன் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பதால் பிள்ளைகள் விடியலிலேயே வீதியில் இறங்கிவிடுவார்கள். கப்பல்துறையில் கண்டி வீதியோரம் நின்று பார்த்தால் தெரியும், முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் யாராவது ஒரு பிள்ளை வலது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வேலியோரம் ஒதுங்கி நிற்கும்.

"குத்துது சேர், ஓட ஏலாது."

"அது வாய்வு. ஒரு சோடா குடி, போயிடும்."

சொன்ன காரணமும் சரியில்லை, சொன்ன மருந்தும் சரியில்லை. அந்தக் குத்து வாய்வால் வருவதல்ல. சோடா அதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

குத்துவது எது?

உடற்பயிற்சியின்போது வந்து, ஓய்ந்ததும் மறையும் வயிற்று நோவை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டெரன் மோர்ட்டனும் ரொபின் கலிஸ்டரும் விரிவாக ஆராய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வில் ஆறு வகை விளையாட்டுகளைச் சேர்ந்த 965 பேரிடம் விசாரித்தார்கள். முந்திய ஓராண்டுக்குள் இந்த நோவை அனுபவித்ததாக நீச்சற்காரரில் 75 சதவீதத்தினரும் ஓட்டக்காரரில் 69 சதவீதத்தினரும் குதிரையேறுவோரில் 62 சதவீதத்தினரும் சொன்னார்கள். சைக்கிளோடிகளில் அது 32 சதவீதம்தான்.

இந்தக் கணக்கில் குதிரைதான் கவனிக்க வேண்டியது. நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசைக்கு இரத்தம் போதாமல் போவதால்தான் குத்துகிறது என்று முன்பு நம்பினார்கள். குதிரை மேல் இருப்பவருக்கு ஓடுபவரைப் போல மூச்சு இரைப்பதில்லை, ஆனாலும் குத்துகிறது. இருவருக்கும் பொதுவாக இருப்பது உடம்பு குலுங்குவதுதான். குலுக்கத்தில் ஈரலையும் இரைப்பையையும் தாங்கும் இணைப்பு நார்கள் இழுபடுகின்றன என்பது ஒரு விளக்கம். வயிற்றுச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு உரசி எரிச்சலடைகிறது என்பது மற்றொன்று. மோர்ட்டன் சார்வது இந்தப் பின்னதையே. சிலருக்கு விலாவோடு தோள்முனையும் சேர்ந்து நோவதை இது விளக்குகிறது. உதரவிதானத்தை ஒட்டிய சவ்வின் நரம்பும் தோள்முனைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

யாருக்கு வரும்?

ஆண், பெண், மெலிந்தவர், பருத்தவர் என்ற பேதம் இதற்கில்லை. வயதுதான் பேதம் காட்டுகிறது. இளையவருக்கு அதிகம் வரும், வயது ஏற ஏறக் குறையும். பயிற்சி கூடினால் அடிக்கடி வராது, ஆனால் தேர்ந்த ஓட்டக்காரரையும் முற்றாக விடுவதில்லை. மேல்முதுகு கூனியவர்களுக்குக் கூடுதலாக வருவதையும் கண்டிருக்கிறார்கள்.

பெரிய தூண்டுகோல் வயிறு நிறைந்திருப்பது. "ஓடுற பிள்ளை, தெம்பு வேணும்" என்று அம்மா விடியவே புட்டும் முட்டைப் பொரியலும் ஊட்டி அனுப்புவார். தொடக்கக் கோட்டில் நண்பன் குளிர்பானப் போத்தலை நீட்டுவான். சீனி அடர்ந்த பானம் இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். பெட்டிப் பழச்சாறும் அப்படித்தான். நிறைந்த இரைப்பையோடு குலுங்கினால் விலா குத்தும்.

குத்துப் பிடித்தால்

உடனே வேகத்தைக் குறையுங்கள். தேவையானால் நடங்கள். நோகும் இடத்தை விரல்களால் உள்நோக்கி அழுத்தி, சற்று முன்னே குனியுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடிப்பதும் பலருக்குக் கைகொடுக்கும். நின்றுவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் விட்டுவிடும். சிலருக்கு மறுநாளும் அந்த இடத்தில் இலேசான உளைவு இருக்கலாம், பயப்பட வேண்டியதில்லை.

வராமல் காக்க

வயிறு நிறைந்த உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். விடியற்கால ஓட்டமானால் முதல் நாள் இரவு நன்றாகச் சாப்பிட்டு, காலையில் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்தலாம். குத்துக்குப் பயந்து தண்ணீரை விட்டுவிடக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடம்பில் நீர் வற்றுவது குத்தை விடப் பெரிய ஆபத்து. ஒரே மூச்சில் போத்தலைக் காலி செய்யாமல், வாய் வாயாக அடிக்கடி குடியுங்கள். இனிப்புப் பானம் ஓட்டம் முடிந்த பிறகு இருக்கட்டும். உடம்பைச் சூடாக்காமல் முதல் நூறு மீற்றரிலேயே பாய்ந்து ஓடாதீர்கள். முதுகை நிமிர்த்தி ஓடப் பழகுங்கள், வயிற்றுத் தசைக்கும் பயிற்சி கொடுங்கள்.

நின்றாலும் நிற்காத நோ

எல்லாக் குத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் நோ, காய்ச்சல் வாந்தியோடு வந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இடுப்பின் பின்புறமிருந்து கவட்டுக்கு இழுத்தால் சிறுநீரகக் கல்லை நினைக்க வேண்டும். பையன்களுக்குத் திடீரென்று அடிவயிறும் விதையும் சேர்ந்து நொந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்கும் நோ இது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

நின்றதும் நிற்கும் நோவிலும் ஒன்று ஏமாற்றும். நாற்பதைத் தாண்டியவர் நடக்கும்போது மேல்வயிற்றில் இறுக்கம் வந்து, ஓய்ந்ததும் போனால், அதை வாய்வு என்று விட்டுவிடாதீர்கள், இதய நோவாக இருக்கலாம். ஓட்டக் குத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். இதய நோவைக் காட்டப் பலர் உள்ளங்கையை வைப்பார்கள். சந்தேகமிருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ அது குத்தல்ல, உயிராபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்ததைக் கிழக்கு மாகாணம் மறக்கவில்லை.

ஆகவே வேலியோரம் ஒதுங்கிய பிள்ளையிடம் சோடாவை நீட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே நோகுது? ஓடத் தொடங்கிய பிறகா வந்தது? இப்ப நின்ற பிறகு குறையுதா? குறைந்தால் பிள்ளை நடந்தே எல்லைக் கோட்டுக்கு வரட்டும். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை. குறையாவிட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் முடிந்துவிட்டது.