சிறகே குதமான கதை

சீனன்குடா எண்ணெய்க் குதங்களைக் காண்பதற்கு மாணாக்கர் சிலரை அனுமதி பெற்று அழைத்துச் சென்றிருந்தேன். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானமொன்று வீழ்ந்ததால் எரிந்துருகிய குதத்தின் எச்சத்தருகே நின்றபோது ஒருவன், “ஐயா, இத்துணைப் பெருங்கடலை அவ்விமானங்கள் எங்ஙனம் கடந்தன?” என வினவினான்.

அவை தாய்க்கப்பல்களினின்று எழுந்தவை என்றேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. பெருங்கடலைத் தாமே கடக்கவல்ல விமானங்களும் அந்நாளில் இருந்தனவே! அவற்றை ஆக்கியோர் கண்ட வழியை, இலக்கணம் கற்பிக்கும் யான் வியந்தே கற்றேன்.

தொடக்ககால விமானங்கள் பலவற்றின் சிறகு ஈரடுக்கானது. ஓரடுக்கை மற்றதனோடு பிணைக்கக் கால்களும் கம்பிகளும் வேண்டும். அவை காற்றை எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பை வெல்ல எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். மிகுதியாக ஏற்றினாலோ சுமை கூடும். அச்சுமையைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். இச்சுழலை அறுக்க வழி காட்டியது ஓரடுக்குச் சிறகு. தாங்குசட்டம் சிறகினுள்ளே மறைந்தது, வெளிக்கம்பிகள் ஒழிந்தன.

இங்கிலாந்தின் பெயரி நிறுவனத்தில் ஹொலிஸ் வில்லியம்ஸ் என்பார் வகுத்த நெடுந்தூர விமானம் இதற்குச் சான்று. அதன் சிறககலம் 82 அடி. எரிபொருட் கலங்கள் அச்சிறகினுள்ளேயே அமைந்தன. 1929 ஏப்ரலில் ஜோன்ஸ் வில்லியம்ஸ், ஜெங்கின்ஸ் என்னும் இருவர் கிரான்வெல்லிலிருந்து அதில் எழுந்தனர். பெங்களூரை அடைவதே நோக்கம். எதிர்காற்று மறித்தது. 50 மணிக்கு மேல் இடைதரியாது பறந்து, 4,130 மைல் கடந்து, கராச்சியில் இறங்கினர். அவ்வாண்டு டிசெம்பரில் அவ்விமானம் தூனிசியாவில் மோதி நொறுங்க, இருவரும் மாண்டனர். எனினும் அவ்வினத்து இரண்டாம் விமானம் 1933இல் இன்றைய நமீபியாவின் வால்விஸ் குடா வரை 5,410 மைல் பறந்தது.

அமெரிக்கரான ஐசாக் லாடன் இக்கலையை மேலும் ஒருபடி உயர்த்தினார். 1935இல் முதன்முதற் பறந்த அவருடைய கற்றலீனா என்னும் பறக்கும் படகில், சிறகினுள் தனிக்கலம் வைக்கப்படவில்லை. சிறகின் தகடே கலத்தின் சுவராயிற்று. சிறகே குதம்! கலத்தின் எடை ஒழிந்தவிடத்து எரிபொருள் ஏறிற்று. நூலுக்குரிய பத்தழகுகளுள் சுருக்கத்துக்கு நன்னூலார் முதலிடம் ஈந்ததை எண்ணிக்கொண்டேன்.

இச்சிக்கனத்தின் பயனை நம் தீவு விரைவிற் கண்டது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து சென்ற பேர்ச்சல் என்பாரின் கற்றலீனா, நடுக்கடலில் ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி விடுத்தது. உடனே சுட்டு வீழ்த்தவும் பட்டது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 8ஆம் நாள் மற்றொரு கற்றலீனா கண்டுரைக்க, அன்றிரவே நம் துறைமுகத்துக் கப்பல்கள் வெளியேறின. விடிந்ததும் திருகோணமலையிற் குண்டுகள் வீழ்ந்தன. வெளியேறியவை யாவும் பிழைத்தனவா? இல்லை. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் முந்நூற்றுக்கு மேற்பட்டோரோடு அமிழ்ந்தது.

ஈராண்டு சென்றது. 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள், சீனன்குடாத் தளத்திலிருந்தே அமெரிக்காவின் பெருங்குண்டு விமானங்கள் எழுந்தன. சுமாத்திராவின் பலெம்பாங்கிலிருந்த எண்ணெய் ஆலையைத் தாக்கி மீள ஏறத்தாழ 3,800 மைல். அவையும் ஓரடுக்குச் சிறகினவே. எண்ணெயை எரித்துச் சென்று எண்ணெயை எரித்து மீண்டன.

மறுவாரம் இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு எடுத்துரைத்தேன். “அப்படியாயின் ஐயா, நெடுந்தூரம் போக வேண்டாதவற்றை விடவேண்டும்” என்றான். ஆம் என்றேன். ஆனால், எஞ்சிய இடத்தில் எதனைச் சுமப்பது என்பது சிறகை வகுத்தவன் கையில் இல்லை. செய்தி கொணர்ந்த சிறகும் குண்டு சுமந்த சிறகும் ஒரே கலையிற் பிறந்தவை. உருகிய அக்குதத்தை அடுத்த முறை காணும்போது, அவன் இவ்விரண்டையும் நினைப்பான் என்று நம்புகிறேன்.