ஆறாண்டு எடுத்த முடிவு

சென்ற மாதம் இரவு உணவுக்குப் பின் விடுதித் தாழ்வாரத்தில் நடந்த ஒரு பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம். கர்தினால் நியூமனைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "தம் சபை தவறென்று தோன்றியபின் ஆறாண்டு அதிலேயே இருந்தாராம். இது கோழைத்தனமல்லவா?" என்றார் நண்பர் ஒருவர். அன்று எனக்கு விடை கூறத் தெரியவில்லை. நான் பௌதிகம் கற்பவன். சமய நூல்களில் ஆழ்ந்தவனல்லன். ஆயினும் அவர் வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றியதைக் கூற விழைகிறேன்.

ஜான் ஹென்றி நியூமன் 1801-இல் இலண்டனில் பிறந்தவர். 1828-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக ஆலயத்தின் குருவானார். இங்கிலாந்துத் திருச்சபை அரசாங்கத்தின் ஓர் இலாகா அன்று, அப்போஸ்தலர் காலந்தொட்டு வழிவழி வந்த சபை என்று நிலைநாட்ட, 1833 முதல் கீபிள் முதலிய நண்பர்களுடன் பாடுபட்டார். ரோமாபுரிக்கும் சீர்திருத்தச் சபைகளுக்கும் இடையே செல்லும் நடுவழி தம் சபையே என்பது அவர் கொள்கை.

1839-இன் கோடை விடுமுறையில் ஐந்தாம் நூற்றாண்டுச் சபை வரலாற்றை ஆராய்ந்தார். கிறிஸ்துவின் இயல்பு பற்றிய அக்காலப் பூசலிலும் நடுவழி தேடியவர்கள் இருந்தார்கள். சபை அவர்களை ஏற்கவில்லை. தம் நிலையும் அவர்களுடைய நிலையை ஒத்திருப்பது கண்டு நியூமன் திடுக்கிட்டார். ஐயம் பிறந்தது அங்கேதான்.

ஆனால் அவர் உடனே வெளியேறவில்லை. தம் சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுக்குக் கத்தோலிக்கப் பொருளும் கொள்ளலாம் என்று 1841-இல் எழுதிப் பார்த்தார். பல்கலைக்கழகத்தார் கண்டித்தனர், பிஷப்புகளும் ஒருவர்பின் ஒருவராகக் கண்டித்தனர். 1842-இல் ஆக்ஸ்போர்டை அடுத்த லிட்டில்மோர் என்ற சிற்றூருக்குச் சென்று தங்கினார். 1843-இல் குருப் பதவியைத் துறந்தார். அதன்பின்னும் ஈராண்டு சபையின் சாதாரண உறுப்பினராகவே இருந்தார்.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐயமுள்ளவன் பிறருக்கு வழிகாட்டும் பீடத்தில் இருக்கலாகாது. ஆகவே பதவியை விட்டார். ஆனால் ஐயம் மட்டுமே தாய்வீட்டை விட்டுப் போகப் போதிய காரணமாகாது, ஆகவே காத்திருந்தார்.

சென்ற ஆண்டு என் சோதனையில் எதிர்பார்த்ததற்கு மாறான அளவு ஒன்று வந்தது. கொள்கையே தவறென்று சொல்ல ஓடினேன். "முதலில் கருவியைச் சோதித்துப் பாரும்" என்றார் பேராசிரியர். கருவியில்தான் பிழை! நியூமனுக்கோ கருவி அவர் மனமே. அது கோபத்தாலோ மனக்கசப்பாலோ பிழைபடவில்லை என்று அறியக் காலத்தைத் தவிர வேறு சோதனை ஏது? தனித்தனியே வலிவற்ற இழைகள் பல முறுக்கேறி வடமாவதுபோல, பல ஏதுக்கள் சேர்ந்து உறுதி பிறக்கும் என்பது அவர் கருத்து. இழை சேர நாள் ஆகுமல்லவா?

1845 அக்டோபர் 9-ஆம் நாள், டொமினிக் பார்பெரி என்ற இத்தாலியக் குரு லிட்டில்மோரிலேயே அவரைக் கத்தோலிக்க சபையில் சேர்த்தார். இழப்பு சிறிதன்று. ஒரு சகோதரி அவரோடு உறவையே முறித்துக்கொண்டார். 1846-இல் பிரிந்த ஆக்ஸ்போர்டுக்கு அவர் மீண்டும் வந்தது 1878-இல்தான்.

மற்றொன்றையும் மறைத்தலாகாது. அதே நூல்களைக் கற்ற கீபிளும் பியூசியும் இறுதிவரை பழைய சபையிலேயே இருந்தனர். அவர்களும் நேர்மையாளரே. 1865-இல் மூவரும் கீபிளின் இல்லத்தில் ஒருமுறை சந்தித்தனர். ஒரே கணக்கை மூவர் போட்டும் விடை ஒன்றாகவில்லை. அன்பு மட்டும் எஞ்சி நின்றது.

ஊரை விட்டு இங்கு வந்திருக்கும் நமக்கு ஒன்று தெரியும். ரயிலேறிய நாளில்தான் பிரிந்தோம் என்று பிறர் எண்ணுவர். அதற்கு எத்தனையோ இரவுகள் முன்பே நாம் உறக்கமின்றிப் பிரிந்து கொண்டிருந்தோம். நியூமன் 1879-இல் கர்தினாலானார். 2019-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். நான் வணங்குவது அப்பெருமைகளையல்ல. பதவியும் இன்றி, முடிவும் இன்றி, லிட்டில்மோரில் அவர் கழித்த அந்த ஈராண்டுகளையே. கோழை அத்தனை நாள் தாங்கமாட்டான், நண்பரே!