நூறு ரூபாய் கூடினால் ஆயிரம் ரூபாய் போகும்!

மாதம் 15-ஆம் தேதி நெருங்கினாலே மயிலம் சுற்றுவட்டாரத்தில் ஒரே கேள்விதான். “உனக்கு ஏறிடுச்சா?” களை எடுக்கும் இடத்திலும், ரேஷன் கடை வரிசையிலும், கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்திலும் இதே பேச்சு. பேங்கிலிருந்து மெசேஜ் வந்தவருக்கு நிம்மதி. வராதவர், பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுத்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட திட்டம். 1 கோடியே 6 லட்சத்துக்கும் அதிகமான குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. கேஸ் சிலிண்டர், பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மகளிர் குழுத் தவணை என்று அந்தப் பணத்துக்குச் செலவு முன்பே காத்திருக்கும். ஆனாலும் கணவரிடம் கேட்காமல் எடுக்கக்கூடிய பணம் என்பதில் இருக்கிற சுகம் தனி.

இதைப் பெறச் சில நிபந்தனைகள் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் அடங்க வேண்டும். நிலமும் மின்சாரமும் பலருக்குச் சிக்கலே இல்லை. வருமானம்தான் சங்கடம்.

2.5 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 20,833 ரூபாய். கணவன், மனைவி இருவர் சம்பாத்தியமும் சேர்த்து!

மயிலம் பக்கத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், மாதம் 12,000 ரூபாய். மனைவி இதுவரை நூறு நாள் வேலைக்கும், சீசனில் மல்லாட்டை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தவர். இப்போது கம்பெனி வேலையில் சேர்ந்திருக்கிறார், மாதம் 8,800 ரூபாய். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 2,49,600. வரம்புக்குள் இருக்கிறார்கள். உரிமைத் தொகையும் வருகிறது.

ஒரு வருடம் கழித்து மனைவிக்கு 100 ரூபாய் சம்பள உயர்வு. ஆண்டுக்கு 1,200 ரூபாய் கூடுகிறது. மொத்தம் 2,50,800. வரம்பைத் தாண்டியது வெறும் 800 ரூபாய். விதியை அப்படியே பார்த்தால், போவது ஆண்டுக்கு 12,000 ரூபாய்! சம்பளம் மாதம் 1,000 ரூபாய் கூடினால்தான் பழைய நிலைக்கே வரமுடியும். வரம்பைத் தாண்டவைத்து, அதற்குக் கீழே நிற்கும் எந்த உயர்வும் இந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்தான்.

கவனித்தீர்களா? கணவர் சம்பளம் மட்டும் இருந்தவரை வரம்பு வெகுதூரத்தில் இருந்தது. மனைவி வேலைக்குப் போனதும்தான் அது கிட்டே வந்தது. பெண்ணுக்கென்று கொடுத்த தொகையைப் பெண்ணின் சம்பளமே பறிக்கிறது. “நிக்காம வர்ற ஆயிரத்த விட்டுட்டு, எப்ப நிக்கும்னு தெரியாத வேலைக்கு ஏம்மா போவணும்?” என்று ஒரு மாமியார் கேட்டால், பழமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. அவர் போடுவதும் கணக்குதான்.

இன்னொரு விஷயம், எல்லா வருமானமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழ் இணைக்கச் சொல்லவில்லை. அலைச்சல் மிச்சம், நல்ல ஏற்பாடு. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தரவுகளோடுதான் விவரங்களை ஒப்பிட்டார்கள். இதில் கொத்தனாரின் தினக்கூலி எந்தக் கணினியிலும் இருக்காது. பேங்கில் சம்பளம் வாங்கி, பி.எஃப். பிடித்தம் கட்டுபவரின் வருமானம் ரூபாய் சுத்தமாகப் பதிவாகியிருக்கும். முறையான வேலைக்குப் போனவர் மாட்டுவார், அதே அளவு கைக்காசாக வாங்குபவர் தப்புவார். “சம்பளத்தைக் கையிலேயே கொடுத்துடுங்க” என்று கேட்கத் தோன்றும். கேட்டு வாங்கினால் பி.எஃப். போகும், இ.எஸ்.ஐ. போகும், நாளைக்கு ஒரு விபத்து என்றால் கேட்க நாதியிருக்காது. சில வீடுகளில் ரேஷன் கார்டைப் பிரித்துவிடலாமா என்ற யோசனையும் ஓடும். திட்டத்தில் ஒரு கார்டுதானே ஒரு குடும்பம்!

ஆயிரத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கும் குடும்ப வருமான வரம்பு அதே 2.5 லட்சம். கல்லூரியில் பெண்ணோ பிள்ளையோ படிக்கிற வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு அடி விழும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரம்பு இதைவிடக் கீழே. ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்று பல வருடங்கள் கிடந்து, 2022-ல்தான் 1,20,000 ஆனது. மாதம் 10,000 ரூபாய். மேலே சொன்ன குடும்பத்தில் கணவர் சம்பளம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். மனைவிக்குக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருந்தால் அது கைகொடுக்கும், வேலை இருக்கும் வரை. அரிசி, பருப்பு, வாடகை எல்லாம் ஏறிக்கொண்டிருக்க, வருமான வரம்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றால், குடும்பம் நிஜத்தில் முன்னேறாமலே ‘வசதியானவர்கள்’ பட்டியலுக்குப் போய்விடும்.

எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்க அரசிடம் பணம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால், கோட்டைத் தாண்டியதும் ஒரேயடியாகக் கிணற்றில் தள்ளவேண்டும் என்பதில்லை, படிக்கட்டு வைத்தும் இறக்கலாம்.

பிரேசில் நாட்டில் ‘போல்சா ஃபமீலியா’ என்று ஏழைக் குடும்பங்களுக்கான உதவித் திட்டம் இருக்கிறது. 2023-ல் அதைப் புதுப்பித்தபோது ஒரு பாதுகாப்பு விதியைச் சேர்த்தார்கள். வருமானம் வரம்பைத் தாண்டினாலும், இன்னொரு மேல் அளவுக்குள் இருந்தால், பாதித் தொகை இரண்டு ஆண்டுகள் வரை தொடரும். 2025-ல் புதிதாக இந்த விதிக்குள் வருவோருக்கு அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். என்றாலும், புது வேலை நிலைக்கிறதா என்று பார்க்க ஒரு குடும்பத்துக்கு அவகாசம் கிடைக்கிறது. பிரிட்டனில் ‘யுனிவர்சல் கிரெடிட்’ வாங்குபவர் கூடுதலாக ஒரு பவுண்டு சம்பாதித்தால் 55 பென்ஸ்தான் உதவியில் குறையும், மீதி அவருக்கு. பிடித்தம் அதிகம்தான், ஆனால் உழைத்ததற்காக நஷ்டம் வராது.

அவ்வளவு தூரம் போகாமல் நம் ஊரையே பார்க்கலாம். 1997-ல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லாருக்குமான ரேஷனாகவே தொடர்ந்தது. சம்பளம் கூடியதால் அரிசி நின்றுபோகும் என்ற பயம் இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் வருமான வரம்பு கிடையாது. மயிலத்திலிருந்து திண்டிவனத்துக்கு டவுன் பஸ் ஏறும் பெண்ணிடம் கண்டக்டர் சம்பளம் கேட்பதில்லை, கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்.

உரிமைத் தொகையிலும் விதிகள் அசையாமல் இல்லை. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பத்துப் பெண்களுக்கு 2025-ல் வழி திறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மேலும் பல லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அப்போதும் 2.5 லட்சம் வரம்பு அப்படியேதான் இருந்தது.

சரி, தகுதி இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்? திட்டம் தொடங்கியபோது சொன்ன வழி இது: காரணம் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். மயிலம்காரர்களுக்கு அது திண்டிவனம் சார் ஆட்சியர். அவரும் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்ப எண்ணையும் அந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். கம்பெனி வேலை நின்று வருமானம் வரம்புக்குக் கீழே வந்துவிட்டவர்கள், பி.எஃப். கணக்கில் கடைசியாகப் பணம் ஏறிய மாதம் தெரியும் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அதிகாரி கேட்டால் காட்ட அதுவாவது கையில் இருக்கும்.