எழுந்து உட்கார்ந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதா?

தேங்காய் பறிக்க ஏறியவர், பிடி நழுவிக் கீழே விழுகிறார். சில நிமிடங்கள் பேச்சுமூச்சில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 108-க்கு போன் செய்கிறார். வண்டி வந்து சேரும்போது விழுந்தவர் வரப்பில் உட்கார்ந்தபடி, “எனக்கு ஒண்ணுமில்லீங்க, வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க. இன்னும் பத்து மரம் பாக்கி கெடக்கு” என்கிறார். கிராமங்களில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால், ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் அந்தப் பேச்சை நம்பிக் கிளம்பிவிட மாட்டார்.

காரணம் இருக்கிறது. தலையில் அடிபடும்போது, மண்டை ஓட்டுக்கு உட்புறம் ரத்தக்குழாய் கிழியலாம். வெளியே சிறு சிராய்ப்புகூட இருக்காது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதால், கசியும் ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், சில மணி நேரத்தில் நினைவிழப்பது இதனால்தான்.

என்ன பார்க்கிறார்கள்?

உயரத்தில் இருந்து விழுந்தவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். அதனால் முதலில் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சு, நாடி, ரத்தப்போக்கு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அடுத்து, நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். இந்த முறை, 1974-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் வகுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15. “இன்னைக்கு என்ன கிழமை? இது எந்த இடம்?” என்று கேட்பது இதற்காகத்தான். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடுமையான காயம். ஒருமுறை பார்ப்பதோடு விடுவதில்லை. 15-ல் இருந்தவர் 13-க்கு இறங்கினால், உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள்.

டார்ச் அடித்துக் கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். காதில், மூக்கில் ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிந்தால், மண்டை ஓட்டின் அடிப்பகுதி விரிந்திருக்கலாம்.

வீட்டார் சொல்ல வேண்டியவை

* எவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தார்?
* எவ்வளவு நேரம் நினைவில்லை?
* வாந்தி, வலிப்பு வந்ததா?
* மது அருந்தியிருந்தாரா?
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா?

இந்தப் பதில்களைப் பொறுத்துத்தான் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பது முடிவாகிறது. சி.டி ஸ்கேன் இல்லாத இடத்தில் மூளைக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. ‘பக்கத்து ஊர் கிளினிக்கே போதும்’ என்று வற்புறுத்தினால், பொன்னான நேரம் வீணாகும். அடிபட்டவர் குழப்பத்தில் ‘வேண்டாம்’ என்று அடம்பிடிப்பதே காயத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

வண்டி வரும்வரை...

கை கால்களைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தண்ணீர், சோடா, காபி எதுவும் கொடுக்கக் கூடாது. காயத்தில் ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து மென்மையாக அழுத்தலாம். காதில் வடிவதைப் பஞ்சு வைத்து அடைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால், தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் சாய்க்க வேண்டும்.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும், முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருப்பது அவசியம். தலைவலி கூடினாலும், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும், பேச்சு குழறினாலும், எழுப்பியும் எழாவிட்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கசிவு மெதுவாக நடந்து, சில வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம். தாத்தாவின் நடை திடீரெனத் தள்ளாடினால், ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல், அவர் எப்போதாவது விழுந்தாரா என்று யோசித்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.