கரிசல் காட்டுக்கு மலை சைக்கிள் தாங்குமா? பெயிண்டைப் பார்க்காதீங்க... பிரேமைப் பாருங்க!

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். கோவில்பட்டி வட்டாரத்து வண்டிப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான்!

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் காட்டுக்குள் சைக்கிளோடு போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாலு எட்டு போவதற்குள் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. இறங்கிக் குச்சியால் நோண்டணும். மறுபடி ஏறணும். மறுபடி நோண்டணும். கடைசியில் சைக்கிள்தான் மனிதன் தோளில் ஏறிச் சவாரி செய்யும்!

கோடையில் வேறு கூத்து. அதே மண் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். போதாக்குறைக்கு உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும்.

இதற்கென்றே செய்தது போல இப்போது கடைகளில் 'எம்.டி.பி.' என்ற மலை சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. தடித்த டயர், கியர், ஸ்பிரிங், பளபள பெயிண்ட். "அப்பா, எனக்கு அதுதான் வேணும்" என்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான். தீப்பெட்டி ஆபீசிலும் மில்லிலும் பாடுபட்டுச் சேர்த்த காசு. கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். சைக்கிளின் உயிர் கியரிலும் இல்லை, ஸ்பிரிங்கிலும் இல்லை. பிரேமில் இருக்கிறது. அதை எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

ஓட்டை சைக்கிளில் பிறந்தது!

மலை சைக்கிளை எந்தப் பெரிய கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் மாரின் மலைப்பகுதி இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் ஓட்டியது 1930, 40-களில் வந்த பழைய கனத்த சைக்கிள்கள். அதை மலை மேல் கொண்டுபோய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்குவார்கள். 1976 அக்டோபர் 21-ல் அங்கே முதல் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்குப் பெயர் 'ரீபேக்'. ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர்!

கிரீஸ் மட்டுமா போனது? பிரேமும் உடைந்தது. சாலைக்குச் செய்த பிரேம் மலை அடியைத் தாங்குமா?

ஒற்றை ஆள் பட்டறை

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோ பிரீஸ். பிரேம் கட்டும் வேலை தெரிந்தவர். மலைக்கென்றே ஒரு பிரேமை 1977-ல் கட்டினார். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய் அது. சாதாரண இரும்புக் குழாயைவிட மெல்லிசாக இருக்கும். பலமோ அதிகம்.

வேலை இப்படித்தான்: ஒரு குழாயின் வாயை இன்னொரு குழாயின் வளைவுக்குப் பொருந்தும்படி பிறை போலச் செதுக்கணும். இடைவெளி இருந்தால் ஒட்டு நிற்காது. எல்லாக் குழாய்களையும் ஒரு சட்டத்தில் வைத்து இறுக்கி, மூட்டுகளைச் சூடாக்கி ஒட்டணும். சூட்டில் குழாய் இழுக்கும். ஆறிய பிறகு நூல் பிடித்தாற்போல் நிற்கிறதா என்று அளந்து பார்க்கணும். பின்சக்கரம் போகும் கவையை அகலமாக வைக்கணும். தடித்த டயரும் நுழைய வேண்டும், சேறும் வழிந்து வெளியே விழ வேண்டுமே!

பிரீஸ் இன்னொரு காரியமும் செய்தார். பலத்துக்காக முன்கழுத்திலிருந்து பின்சக்கர அச்சு வரை கூடுதலாக இரட்டைக் குழாய் கொடுத்தார். சோதனைச் சாலை? அதே மலைதான். அவரே ஏறி, அவரே பந்தயத்தில் ஓட்டினார். பிரேம் உடைந்தால் உடைவது அவருடைய பல்! 1978-க்குள் பத்து சைக்கிள் செய்தார். உலகத்தின் முதல் மலை சைக்கிள்களில் வைத்து எண்ணப்படுபவை அவை.

இருபது வருஷத்துக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் இடம் பிடித்துவிட்டது.

நம்ம ஊர் சங்கதி

பிரேம் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். நம் அப்பா, தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். குழாய் செய்வதற்கென்றே 1955-ல் ஆவடியில் தனி ஆலை வந்தது. கேரியரில் மூட்டை, பாரில் பிள்ளை, பின்னால் வீட்டுக்காரம்மா என்று ஏற்றியும் அந்த கறுப்பு சைக்கிள் அசையாமல் நின்றதற்குக் காரணம் அந்தக் குழாயும் மூட்டும்தான்.

உடைத்துப் பார்ப்பார்கள்!

இன்று பிரேம் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டு விதி இருக்கிறது. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

பிரேமைச் செங்குத்தாக நிறுத்தி, முன்சக்கரம் வருகிற இடத்தில் 22.5 கிலோ எடையைத் தொப்பென்று போடுவார்கள். ஊருக்குள் ஓட்டும் சைக்கிள் என்றால் 18 செ.மீ. உயரத்திலிருந்து. மலை சைக்கிள் என்றால் 36 செ.மீ. உயரத்திலிருந்து. சரியாக இரண்டு மடங்கு!

அடுத்தது மிதி சோதனை. சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தை இரண்டு பெடலிலும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் எந்திரம். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஒரு லட்சம் தடவை! முடிவில் விரிசல் தெரிந்தால் பிரேம் பெயில்.

ஏன் லட்சம் தடவை? கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிறதல்லவா? அதே கதைதான். பிரேம் ஒரே அடியில் உடைவது குறைவு. சின்னச் சின்ன அடி சேர்ந்து, மூட்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, ஒருநாள் சட்டென்று வாய் பிளக்கும்.

லேத் பட்டறையில் ஒட்டலாமா?

இரும்பு பிரேம் விரிந்தால் கைதேர்ந்தவர் ஒட்டித் தரலாம். அலுமினியம் என்றால் உஷார்! வெல்டிங் சூட்டில் அந்த இடம் மெதுவாகிவிடும். அதனால் கம்பெனியில் ஒட்டிய பிறகு முழு பிரேமையும் சூளையில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பெரும்பாலான அலுமினிய பிரேம்களுக்கு இதுதான் முறை. சாதாரணப் பட்டறையில் அந்த வசதி கிடையாது. ஒட்டு நின்றது போலத் தெரியும். ஒட்டுக்குப் பக்கத்தில் ஒடியும்.

கடையில் என்ன பார்க்கணும்?

* முன்கழுத்துக் குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றி இருக்கும் மூட்டு, இரண்டையும் உற்றுப் பாருங்கள். வெல்டிங் வரிசை ஒரே சீராக இருக்க வேண்டும்.

* பழைய சைக்கிள் என்றால் அந்த இடங்களில் பெயிண்ட் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீறலுக்கு அடியில் விரிசல் ஒளிந்திருக்கும்.

* பின்னால் நின்று பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் வரணும்.

* டயருக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் தாராளமாக நுழையணும். கரிசலுக்கு அது அவசியம்.

* "அண்ணாச்சி, இது மேடு பள்ளத்துல குதிக்கலாமா, இல்ல ரோட்டுக்கு மட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். பார்வைக்கு மலை சைக்கிள், ஓட்டத்துக்குச் சாலை சைக்கிள் என்று நிறைய வருகின்றன. கூட வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும். படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர, மட்கார்டும் கேரியரும் உள்ள பழைய மாடலே போதும். செலவும் குறைவு. காட்டு வழியில்தான் தினமும் போகணும் என்றால், ஸ்பிரிங்குக்குக் கொடுக்கிற காசை நல்ல பிரேமுக்குக் கொடுங்கள்.

அப்படியே வாங்கினாலும் ஐப்பசியில் கொஞ்சம் பொறுங்கள். மாரின் மலையில் இறங்கிய சைக்கிளையும் நிறுத்தி வைக்கும் நம்ம ஊர் கரிசல்!