வீராணம் ஏரிக்குப் பறவைகளைப் படமெடுக்கப் போறீங்களா? கேமரா, லென்ஸ், பேக்பேக்: எதில் செலவு செய்யணும், எதில் செய்ய வேண்டாம்?

வடகிழக்குப் பருவமழை முடிந்து வீராணம் ஏரி நிரம்பி நிற்கும் மாதங்களில், சேத்தியாத்தோப்பில் இருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் விடியற்காலையிலேயே கேமராவும் கையுமாகச் சிலரைப் பார்க்கலாம். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி, நீலத் தாழைக்கோழி என்று படமெடுக்க இங்கே பறவைக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால், நெய்வேலி சுரங்கத்தில் இருந்து வெளியேற்றப்படும் நீர் வந்து சேரும் வாலாஜா ஏரி. சிதம்பரம் வழியாகப் போனால் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

இதையெல்லாம் பார்த்து "நாமளும் ஒரு கேமரா வாங்குவோம்" என்று முடிவெடுப்பவர்களுக்குத்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பல மாதச் சேமிப்பையோ மாதத் தவணையையோ போட்டு வாங்கிய கேமராவில் பறவை ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. அல்லது லென்ஸ் சரியாக இருந்தும், அதைச் சுமக்கும் பை தோளைப் பிடித்து இழுப்பதால் இரண்டு மாதத்தில் எல்லாம் பீரோவுக்குள் போய்விடுகிறது. எதை முதலில் வாங்கணும், ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

கேமரா பாடியா, லென்ஸா: எது முக்கியம்?

காட்டுயிர்ப் படங்களைப் பொறுத்தவரை லென்ஸ்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும்.

50 செ.மீ உயரமுள்ள ஒரு கொக்கு, ஏரிக்குள் 50 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. 200 மி.மீ லென்ஸில் எடுத்தால் சென்சார் மேல் அதன் உயரம் வெறும் 2 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ என்பதால், படத்தின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கொக்கு. 600 மி.மீ லென்ஸில் அதே கொக்கு 6 மி.மீ ஆகிவிடும். அதாவது படத்தில் கால் பங்கு உயரம். நீங்கள் ஒரு அடி கூட முன்னால் போகவில்லை, பறவையும் பறக்கவில்லை.

ஆக, கையில் 1 லட்சம் ரூபாய் இருந்தால் பாதிக்கு மேல் லென்ஸுக்கு ஒதுக்குவதுதான் நியாயம். 70 ஆயிரத்துக்குப் பாடி வாங்கிவிட்டு, கூடவே வந்த 18-55 மி.மீ லென்ஸோடு ஏரிக்கரையில் நிற்பதில் பயனில்லை.

ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் பரவாயில்லையா?

தாராளமாகப் பரவாயில்லை. ஏபிஎஸ்-சி என்று சொல்லப்படும் சிறிய சென்சார் கேமராக்கள் பறவைக்கு ஒரு வகையில் வசதி. நிகான், சோனியில் 1.5 மடங்கும், கேனனில் 1.6 மடங்கும் காட்சி நெருக்கமாகத் தெரியும். மேலே சொன்ன கொக்கை 400 மி.மீ லென்ஸில் எடுத்தால் சென்சார் மேல் 4 மி.மீ வரும். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் சுமார் 15.6 மி.மீ. அங்கேயும் கிட்டத்தட்ட அதே கால் பங்குதான். லென்ஸின் விலையும் எடையும் மட்டும் குறைகிறது.

நஷ்டம் எங்கே? வெளிச்சம் குறைந்த நேரத்தில். அதிகாலை 6 மணிக்கு முன்பும், மேகமூட்டத்திலும் ஐஎஸ்ஓ-வை ஏற்றும்போது சிறிய சென்சாரில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம் தெரியும். இன்று மென்பொருள் இதில் நிறையவே கைகொடுக்கிறது என்பதால், ஆரம்பத்திலேயே ஃபுல் ஃபிரேமுக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை.

எந்த லென்ஸ்? விலை ஏன் இப்படி?

600 மி.மீ, எஃப் 4 லென்ஸ் என்றால் நம்ம ஊரில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதே 600 மி.மீ வரை போகும், எஃப் 6.3 கொண்ட ஜூம் லென்ஸ் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கும். வித்தியாசம் வெளிச்சத்தில். எஃப் 4 லென்ஸ் சுமார் இரண்டரை மடங்கு அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். நல்ல வெயில் உள்ள வீராணம் கரையில் அந்த இரண்டரை மடங்குக்காகப் பல லட்சம் கொடுப்பது தொழில்முறைக் கலைஞர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

நடுத்தர பட்ஜெட்டில் பலரும் பார்ப்பவை: சிக்மா, டாம்ரான் 150-600 மி.மீ, சோனி 200-600 மி.மீ, நிகான் 180-600 மி.மீ. எல்லாமே ஏறக்குறைய 2 கிலோ. எடை வேண்டாம் என்றால் கேனனின் ஆர்எஃப் 100-400 மி.மீ லென்ஸ் 635 கிராம்தான். எஃப் 8 வரை போவதால் வெளிச்சம் குறைவு, ஆனால் கையில் வைத்தே நாள் முழுக்க எடுக்கலாம்.

இன்னொரு விஷயம், தூசி. நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் சுரங்க மண், லாரிப் போக்குவரத்து, கோடைக் காற்று எல்லாம் சேரும்போது தூசி சாதாரணமாக இருக்காது. ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ் காற்றையும், அதோடு தூசியையும் உள்ளே இழுக்கும். சோனி 200-600, நிகான் 180-600 இரண்டும் ஜூம் செய்தாலும் நீளம் மாறாதவை. அதனால் இந்தத் தொல்லை குறைவு. எந்த லென்ஸாக இருந்தாலும் சாலையோரத்தில் நின்று லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள். மாற்றியே ஆகணும்னா கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி மாற்றுங்கள்.

நிலக்காட்சிக்குத் தனி லென்ஸ் வேண்டுமா?

அவசியமில்லை. கேமராவோடு வரும் 18-55 மி.மீ போன்ற கிட் லென்ஸே தொடக்கத்துக்குப் போதும். நிலக்காட்சி ஓடாது, பறக்காது. எஃப் 8 அல்லது எஃப் 11-இல் வைத்து, டிரைபாட் மேல் நிறுத்தி மெதுவாக எடுக்கலாம். ஆகவே இங்கே பணம் டிரைபாடுக்குப் போகணும். காற்றில் ஆடும் மலிவான டிரைபாட் வாங்குவதற்குப் பதில் வாங்காமலே இருக்கலாம். நீரின் மேல் மின்னும் ஒளியைக் குறைக்க ஒரு போலரைசர் ஃபில்டரும் இருந்தால் நல்லது.

பிச்சாவரத்தில் மட்டும் கதை வேறு. படகு ஆடிக்கொண்டே இருப்பதால் டிரைபாட் அங்கே உதவாது. கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுப்பதே வழி.

எந்த நேரத்தில் போகணும்?

இதற்குக் காசே வேண்டாம், ஆனால் படத்தின் தரத்தைப் பாதி தீர்மானிப்பது இதுதான். வீராணத்தின் பெரிய கரை கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலையில் கரையில் நின்று ஏரியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் நேராகப் பறவை மேல் விழும். மாலையில் சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்குவதால் நிலக்காட்சிக்கும் நிழலுருவப் படங்களுக்கும் பொருத்தம்.

காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, கரைக்கும் பறவைக்கும் நடுவில் காற்று சூடாகி நெளியும். அப்போது எடுக்கும் தூரப் படங்கள் தெளிவில்லாமல்தான் வரும். 10 லட்சம் ரூபாய் லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. "லென்ஸ் சரியில்லை" என்று விற்பதற்கு முன் காலை 6 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 விநாடி என்று வைத்துத் தொடங்கலாம்.

பேக்பேக்: ஸ்கூல் பை போதாதா?

முதலில் மொத்த எடையைக் கூட்டுங்கள். பாடி 600 கிராம், பெரிய லென்ஸ் 2 கிலோ, சிறிய லென்ஸ் 300 கிராம், டிரைபாட் ஒன்றரை கிலோ, தண்ணீர் 1 கிலோ, பேட்டரி, சார்ஜர், மழைக்கோட்டு எல்லாம் அரை கிலோ. பையே ஒன்றரை முதல் 2 கிலோ. மொத்தம் 7.5 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உடல் எடையில் 15 சதவீதத்துக்குள் சுமை இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 9 கிலோ. 48 கிலோ உள்ளவருக்கு 7.2 கிலோதான்.

இந்த எடையைத் தோள்பட்டை மட்டும் தாங்கக் கூடாது. இடுப்பில் கட்டும் பட்டை அகலமாக, பஞ்சு வைத்ததாக இருந்தால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். சாதாரண ஸ்கூல் பையில் இல்லாதது இதுதான். கடையில் காலிப் பையைப் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். உங்கள் கேமராவை எடுத்துப்போய், உள்ளே வைத்து, பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

● நீளம்: பாடியில் இருந்து லென்ஸைக் கழற்றாமல் வைக்க இடம் வேண்டும். 32 செ.மீ லென்ஸ், பாடி 8 செ.மீ என்றால் உள்ளளவு குறைந்தது 42 செ.மீ. பையில் இருந்து எடுத்து மாட்டுவதற்குள் மீன்கொத்தி போய்விடும்.

● திறப்பு: முதுகு பக்கமாகத் திறக்கும் பை நல்லது. ஈரக் கரையில் கீழே வைத்தாலும் முதுகில் படும் பகுதி சேறாகாது. பேருந்துக் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் ஜிப்பைத் திறக்கவும் முடியாது.

● சத்தம்: பட்டென்று பிரியும் வெல்க்ரோ ஒட்டுப் பட்டைகள் அமைதியான கரையில் வெடிச்சத்தம் மாதிரி கேட்கும். ஜிப்பும் கொக்கியும் போதும்.

● மழையுறை: தனி உறை கட்டாயம். மழைக்காலத்தில் உள்ளே இன்னொரு பாலித்தீன் பையும் இருக்கட்டும்.

● நிறம்: மண், பச்சை, சாம்பல். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளை வேண்டாம்.

● விமானப் பயணம்: உள்நாட்டு விமானங்களில் கைப்பை வரம்பு பொதுவாக 7 கிலோ. டிரைபாடை செக்-இன் பெட்டியில் போட்டுவிடலாம், கேமராவையும் பேட்டரியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? இடுப்புப் பட்டை உள்ள நல்ல டிரெக்கிங் பையை வாங்கி, அதற்குள் கேமராவுக்கான பஞ்சுத் தடுப்புப் பெட்டியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பைக்கில் போகிறவர்கள் சைடு பாக்ஸிலோ பெட்ரோல் டேங்க் மேலோ கேமராவை வைக்காமல் முதுகிலேயே மாட்டிக்கொள்வது நல்லது. குண்டும் குழியுமான சாலையின் அதிர்வை உங்கள் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையிலேயே விடாதீர்கள். கடலோர மாவட்டத்து ஈரப்பதத்தில் மூடிய பை என்பது லென்ஸில் பூஞ்சை வளர்க்கும் இடம். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும். ஜெல் நிறம் மாறினால் புதிதாக மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கணும். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பாடியின் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாத புதிய பொருளை "கம்மி விலை" என்று வாங்கினால் இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

கருவி மட்டும் போதுமா? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் முன்னோடிக் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா.கிருஷ்ணன், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே உருவாக்கிய கனமான கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, கருப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தார். அவரிடம் இருந்தது விலை உயர்ந்த கருவி அல்ல, விலங்கின் நடத்தை பற்றிய அறிவு.

அந்த அறிவு இல்லாமல் நெருங்கினால் பாதிப்பு பறவைக்குத்தான். கூட்டுக்கு அருகே போனால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். வெயிலில் முட்டையும் குஞ்சும் கிடக்கும், காகம் காத்திருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள் வருகிறது. சரணாலயங்களில் படமெடுக்க வனத்துறை அனுமதி தேவை. சுரங்கப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள். அந்த இடத்தில் இருந்து எடுக்க 400 மி.மீ போதுமா, 600 மி.மீ வேண்டுமா என்பதை நண்பரின் லென்ஸையோ வாடகை லென்ஸையோ வைத்து இரண்டு மூன்று காலைகள் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.