எட்டுக்கால் உறவுகள் – 7: குப்பிக்குள் வந்த குஞ்சுகள்

2021 ஜூலையில் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்துறையினர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்கள். போலந்திலிருந்து வந்து அருப்புக்கோட்டை முகவரிக்குப் போக வேண்டிய பொட்டலம் அது. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி. மெக்சிகோவிலும் நடு, தென் அமெரிக்காவிலும் வாழும் டரான்டுலாக்கள் அவை என்று விலங்கியல் அறிஞர்கள் அடையாளம் காட்டினார்கள். இறக்குமதி உரிமமும் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. வந்த வழியே திருப்பியனுப்ப முடிவானது.

அருப்புக்கோட்டை தேனி மாவட்டத்துக்காரர்களான நமக்குத் தூரமில்லை. தேனியிலும் கம்பத்திலும் டரான்டுலா வளர்க்கும் ஆசையோடு என்னிடம் விசாரிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். சிலந்தியைக் கண்டதும் செருப்பைத் தேடும் ஊரில், அதை உற்றுப்பார்க்க ஒருவர் விரும்புவதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் குஞ்சு வாங்குகிறவர்கள் அதன் ஆயுளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் மெக்சிகோவின் பிராக்கிபெல்மா பேரினத்தில் பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கல்லூரியில் படிக்கும்போது வாங்கினால், உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அது பெட்டிக்குள் இருக்கும். ஆண் சிலந்திக்கு ஆயுள் மிகக் குறைவு. குஞ்சுப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம்.

குஞ்சுக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம். மூடியில் நுண்ணிய துளையிட்ட சிறு டப்பா போதும். பெரிய இடத்தில் விட்டால் அதற்கு இரை அகப்படாது, நமக்கு அது அகப்படாது. அடியில் ஈரம் தாங்கும் தேங்காய் நார்த்தூளைக் கொஞ்சம் ஆழமாகவே நிரப்ப வேண்டும், குஞ்சு குழி பறித்து ஒளிந்துகொள்ளும். தரையில் வாழும் இனமென்றால் டப்பா உயரமாக இருக்கக்கூடாது. ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலும் மெல்லிய வயிறு கிழிந்துவிடலாம்.

பெரிய சிலந்தி வறட்சியைத் தாங்கும், குஞ்சு தாங்காது. உடலிலிருந்து நீர் வெளியேறாமல் காக்கும் மேற்பூச்சு அதற்கு இன்னும் சரியாக அமைந்திருக்காது. ஆடிக்காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் நாட்களில் ஜன்னலோரம் வைத்த டப்பா சீக்கிரமே வறண்டுபோகும். நார்த்தூளின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து, மறுபக்கத்தைக் காய விடுங்கள். வேண்டிய பக்கத்தை அதுவே தேடிப் போகும்.

இரை விஷயத்தில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குஞ்சின் வயிற்றை விடப் பெரிய இரை ஆகாது. சின்னச் சுவர்க்கோழியைக் கொன்று போட்டால் வந்து உறிஞ்சிக்கொள்ளும், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். அந்தச் சுவர்க்கோழியைத் திராட்சைத் தோட்டத்திலிருந்து மட்டும் பிடித்து வராதீர்கள். கம்பம், கூடலூர்த் தோட்டங்களில் மருந்து அடிக்காமல் கொடி தாங்காது. பூச்சியைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும். பூச்சிமருந்து படாமல் வளர்த்த இரைதான் நல்லது.

திடீரென்று தின்பதை நிறுத்திவிட்டால் பதற வேண்டாம். வயிறு கறுத்துப் பளபளத்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஒருநாள் மல்லாந்து கிடக்கும். இறந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இறந்த சிலந்தி பெரும்பாலும் கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கும். மல்லாந்து கிடப்பதைத் தொடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், உயிருள்ள இரை உள்ளே இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஒரு சுவர்க்கோழியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். புதுப் பற்கள் வெளுப்பாக இருக்கும், அவை கறுத்துக் கெட்டியான பிறகே இரை போட வேண்டும்.

கையில் ஏற்றி விளையாடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம். அது பழகாது, பொறுத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அமெரிக்க இனங்கள் பலவும் வயிற்றிலிருந்து அரிப்பு முடிகளை உதறும், கண்ணில் பட்டால் பெரும் தொல்லை.

இவ்வளவு படித்துவிட்டு, நம் மலையிலேயே டரான்டுலா இருக்கும்போது போலந்து எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குக் கவலையே அங்குதான். பொசிலோத்தீரியா என்ற மரச்சிலந்திப் பேரினம் உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியும் அதன் வீடு. அரக்கோணத்தில் கிடைத்த மாதிரியை வைத்து 1899இல் போகாக் என்ற ஆங்கிலேயர் பெயரிட்ட ரெகாலிஸ் என்ற இனம் இன்று ஐரோப்பியச் சந்தையில் சாதாரணமாக விற்கிறது. மரப்பொந்தில் தாயும் குஞ்சுகளும் சேர்ந்து வாழும் அபூர்வச் சிலந்திகள் இவை. பழைய மரம் சாய்ந்தால் குடும்பமே போய்விடும். இவற்றுக்கு அரிப்பு முடி கிடையாது, பதிலாக விஷம் கடுமை. கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வதைக்கும். புதியவர்கள் வளர்க்கக்கூடிய சிலந்தியே அல்ல.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, பொசிலோத்தீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. பிராக்கிபெல்மா அதற்கு முன்பே அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுக்குப் பரிவேஷ் இணையதளம் இருக்கிறது. விற்பவரிடம் முதலில் காகிதத்தைக் கேளுங்கள். அவர் மழுப்பினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு வளர்க்க முடியாமல் தவிப்பவர்கள் சுருளிப் பக்கமோ மேகமலைப் பக்கமோ கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். 2021 முதல் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. மெக்சிகோச் சிலந்தி அங்கே செத்துப்போகலாம், அல்லது தன்னோடு வந்த நோயை நம் மரச்சிலந்திக்குக் கொடுக்கலாம். தேனி வனத்துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படையுங்கள்.